நாற்பத்தோராவது கண்ணி

யானைக்குப் புட்டிப்பால் ஊட்டலாம் என்று
எவரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.
மூன்று வாரத்துக்குப் பணம் கட்டி
லுவாங்வா ஆற்றங்கரைக்கு வந்தவனுக்குக்
கையில் கிடைத்தது
ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கோணி.

"கணக்கு வருமா?" என்றாள் தமண்டானி,
ரோந்துக் குழுத் தலைவி.
பிழைப்பே அதுதான் என்றேன்.
"நல்லது. போன தடவை வந்தவர் கிதார் வாசித்தார்."

விடிய நாலரைக்கு நடை.
முன்னால் துப்பாக்கியோடு யோபே,
பின்னால் தமண்டானி,
நடுவில் நான்,
வீடு மாற்றும்போது தூக்கிப் போகும் பீரோவைப் போல.
நீலச் சட்டை போட்டது என் முதல் பிழை;
செட்சி ஈக்களுக்கு நீலம் பிடிக்குமாம்.
வெயில் ஏற ஏற
மொப்பானி இலைகள் இரண்டிரண்டாய் மூடிக்கொண்டன,
நிழலைத் தம்மோடு வைத்துக்கொண்டு.

கண்ணி சட்டென்று கண்ணில் படாது.
மான் போகும் தடத்தில்
யாரோ முள்ளை வெட்டிப் போட்டு
வழியை ஒரு வாசலாக ஒடுக்கியிருப்பார்கள்.
அங்கே குனிந்தால்
முழங்கால் உயரத்தில் ஒரு வட்டம்,
அதற்குள் கொஞ்சம் காலை வானம்.

எது எங்கிருந்து வந்த கம்பி என்று எழுதினேன்.
லாரி டயரின் நரம்பு.
சைக்கிள் பிரேக்.
எங்கோ அறுத்த தந்திக் கம்பி.
மூன்று மட்டும் பளபளவென்று புதிது:
யானையைத் தடுக்க நாங்களே போட்ட வேலி.

ஒன்றில் கால் மட்டும் இருந்தது. இம்பாலா.
"எழுது" என்றாள்.
எந்தப் பத்தியில் என்று கேட்டேன்.
"கால் என்று ஒன்று போட்டுக்கொள்."

நாற்பத்தோராவது, செம்பு.
யோபே உடனே அவிழ்க்கவில்லை.
இடப்பக்கம் இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு,
வலப்பக்கம் ஒன்று.
கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினான்,
தெரிந்த கையெழுத்தில் வந்த கடிதத்தை
உறை பிரிக்கும் முன் தடவுவதுபோல்.
"யாருடையது?"
"கம்பி" என்றான். "வெறும் கம்பி."
கோணியில் போட்டான்.
முகாம் வரும்வரை சீட்டியடிக்கவில்லை.
'வைத்தவர்' என்ற பத்தியில்
நாற்பது முறை எழுதியதையே எழுதினேன்:
தெரியாது.

ஞாயிறு, அவன் வீட்டில் சாப்பாடு.
என்சிமா, வெள்ளைச் சோளத்தைக் கிண்டிய களி.
பூசணியிலை, கடலைப்பொடி.
கறி இல்லை.
இல்லை என்பதை நான் பார்த்ததை
யோபே பார்த்தான்.

அவன் தம்பி லாமெக்,
ஒரே ராத்திரியில் யானைகள் தின்றுபோன
தன் சோளக்கொல்லையைப் பற்றிச்
சிரித்துச் சிரித்துச் சொன்னான்.
"உங்களைப் போலத்தான் அவையும்,
சீசனுக்கு வரும், நன்றாகச் சாப்பிடும், போய்விடும்."
எல்லாரும் சிரித்தோம்; நான் கொஞ்சம் அதிகமாக.
நட்ட ஈடு உண்டா என்று கேட்டேன்.
"படிவம் உண்டு" என்றான்.

அப்போதுதான் அவன் மகன் சிசோமோ
முற்றத்தில் காரை உருட்டிக்கொண்டு வந்தான்.
முழுக்கக் கம்பி.
ஷூ பாலிஷ் டப்பா மூடிகள் சக்கரம்,
நின்றபடியே திருப்ப நீளமான ஸ்டியரிங்.
என் காலருகே வளைத்து நிறுத்தினான்.
அச்சின் முனையில்
இடப்பக்கம் இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு,
வலப்பக்கம் ஒன்று.

அழகான கார், என்றேன்.
யோபே என் தட்டில்
கேட்காமலே இன்னொரு உருண்டை வைத்தான்.

கிளம்பும் நாள் கோணியைக் கொட்டி எண்ணினோம்.
நோட்டில் நாற்பத்தொன்று.
தரையில் நாற்பது.
பத்தொன்பது வருடமாக
ஒரு பைசா உதைத்தாலும் தூங்காதவன் நான்.
அடித்துத் திருத்தி நாற்பது என்று எழுதினேன்,
பக்கத்தில் சிறிய கையொப்பம்.

தமண்டானி அந்த அடித்தலின்மேல்
விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.
"கணக்கு வரும் என்றாயே."

வெளியே யோபே
ஜீப் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்,
நிரம்பி வழிந்த பிறகும்.